உருளும் குண்டின் வேகம்

ஒரு பொருளின் நீளத்தை அறிய அளவுகோல் உண்டு. நிறையை அறியத் தராசு உண்டு. வெப்பநிலையை அறிய வெப்பமானி உண்டு. வேகத்தை அறிதற்கென்று நேரே ஒரு கருவி உண்டோ எனின், இல்லையென்றே கூறல் வேண்டும். மோட்டார் வண்டியில் முள்ளசைத்துக் காட்டும் வேகமானி, சக்கரம் இவ்வளவு காலத்தில் இத்தனை சுற்றுச் சுற்றியது என்பதைக் கொண்டு வேகத்தை உய்த்துக் காட்டுகின்றது. போலீஸார் கையிற் பிடிக்கும் ராடார்க் கருவி, வண்டியின்மேற் பட்டுத் திரும்பும் அலையின் மாறுதலை அளந்து, அதனினின்று வேகத்தைக் கணக்கிடுகின்றது. சோதனைச்சாலையில் நாம் செய்வதோ இன்னும் எளியது: தூரம் ஒன்றை அளக்கின்றோம், காலம் ஒன்றை அளக்கின்றோம், முன்னதைப் பின்னதால் வகுக்கின்றோம்.

இவ்வளவு எளிய வகுத்தலிற் பிழை நேர இடமேது என்று முதலாண்டு மாணவர் வினவுவர். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். முன்பு யான் பணியாற்றிய ஒரு கலாசாலையில் நிகழ்ந்த செய்தி ஒன்றை இங்கே விரித்துக் கூற விரும்புகின்றேன். அதில் தவறியவருள் யானும் ஒருவன்.

அங்கே பௌதிகச் சோதனைச்சாலையில் நீண்ட தேக்குப் பலகை ஒன்று இருந்தது. அதன் நடுவே நெடுக 1.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பள்ளம் செதுக்கப்பட்டிருந்தது. பலகையின் ஒரு முனையை உயர்த்தி, 100 சென்டிமீட்டர் நீளத்துக்கு 5 சென்டிமீட்டர் ஏறும்படி சாய்த்து வைப்போம். சாய்வின் அடியில் அப்பள்ளம் மெல்ல வளைந்து, அதே அகலமுள்ள பள்ளம் கொண்ட மற்றொரு சமதளப் பலகையோடு இணையும். அச்சமதளப் பலகை மேசையின் விளிம்பிற் சென்று முடியும். 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைச் சாய்வில் 60 சென்டிமீட்டர் மேலே வைத்துக் கைவிட வேண்டும். குண்டு பள்ளத்தின் இரு விளிம்புகளையும் தொட்டுக்கொண்டு உருண்டிறங்கி, சமதளத்தில் ஓடும். அவ்வோட்டத்தின் வேகம் யாது என்பதே வினா.

விடையை முன்னரே ‘அறிந்துகொள்வது’ எளிது. குண்டு செங்குத்தாக இறங்கிய உயரம் 3 சென்டிமீட்டர். புவியீர்ப்பால் விழும் பொருளின் வேகவளர்ச்சி 980. உயரத்தையும் இவ்வெண்ணையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் கண்டால் விநாடிக்கு 77 சென்டிமீட்டர் என்று வரும். பாடநூலின் முதல் அத்தியாயங்களைக் கற்ற எவரும் இவ்வெண்ணைக் காகிதத்தின் ஓரத்திற் குறித்துக்கொண்டே சோதனையைத் தொடங்குவர்.

அன்று இரு குழுவினர் சோதனை செய்தனர். முதற் குழுவினர் புதிதாக வந்திருந்த ஒளிவாயிலைக் கொண்டு அளந்தனர். ஒளிவாயில் என்பது பள்ளத்தின் ஒருபுறத்தினின்று மறுபுறத்துக்கு மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தி, அக்கற்றை எவ்வளவு நேரம் மறைக்கப்பட்டது என்பதை மின்கடிகாரத்தால் விநாடியின் ஆயிரத்திலொரு கூறு வரையிற் காட்டும் கருவி. குண்டின் விட்டத்தை அந்நேரத்தால் வகுத்து, அவர்கள் 75 என்று கண்டனர். இரண்டாங் குழுவினர்க்கு ஒளிவாயில் கிட்டவில்லை. அவர்கள் பழைய முறைப்படி, மேசை விளிம்பினின்று குண்டைத் தரையில் விழவிட்டு, அது விழுந்த இடத்தைக் கொண்டு கணக்கிட்டு 60 என்று கண்டனர். மறுபடியும் செய்தனர், மீண்டும் 60. அவர்களுள் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, எங்களுக்குச் சரியாக வரவில்லை” என்றார். “உராய்வாக இருக்கும் தம்பி, கவனமாகச் செய்க” என்று கூறி அனுப்பினேன். மறுவாரம் கையெழுத்துக்கு வந்த ஏடுகளில் இரண்டாங் குழுவினரின் எண் 76 ஆகியிருந்தது. முதற் குழுவினரின் ஏட்டில் ‘நன்று’ என்றெழுதினேன். மற்றதிலும் கையெழுத்திட்டேன்.

அன்று மாலை மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த சோதனைச்சாலை உதவியாளர், என்னைப் பார்த்துச் சிறிது தயங்கிவிட்டுக் கூறினார்: “ஐயா, இருபது வருஷமாக இந்தப் பலகையை எடுத்து வைக்கிறேன். குண்டு எப்போதும் இருபத்துநாலு சென்டிமீட்டரில்தான் விழுகிறது. நோட்டில் மட்டும் முப்பது என்று எழுதுகிறார்கள்.”

இச்சொல் என்னை உறங்கவிடவில்லை. இருபது ஆண்டு மாணவர் அனைவரும் ஒரே இடத்திற் குண்டை விழவிட்டு, வேறோர் இடத்தில் அதனை எழுதியிருக்கின்றனர். ஆசிரியராகிய நாம் அதற்கு மதிப்பெண் அளித்திருக்கின்றோம். ஆகவே மறுநாள் காலையில் யானே பலகையைச் சாய்த்துச் சோதனையைத் தொடங்கினேன்.

முதலில் விழும் முறையைப் பார்ப்போம். மேசை விளிம்பைக் கிடையாக விட்டு நீங்கும் பொருள், முன்னோக்கி எவ்வளவு விரைவாகச் சென்றாலும், கீழே விழுதற்கு எடுக்கும் காலம் உயரத்தை மட்டுமே பொறுத்தது. எங்கள் அமைப்பில் குண்டின் அடியினின்று தரை வரையில் 78.4 சென்டிமீட்டர். இவ்வுயரம் விழுதற்கு 0.4 விநாடி ஆகும். ஆகவே இங்கே கடிகாரம் வேண்டுவதில்லை; பூமியே கடிகாரம். அந்த 0.4 விநாடியிற் குண்டு முன்னோக்கிச் சென்ற தூரத்தை அளந்தாற் போதும். தரையில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன்மேற் கார்பன் தாளைக் கவிழ்த்து வைத்தால், குண்டு விழுந்த இடம் கரும்புள்ளியாகப் பதியும். விளிம்பினின்று தூக்குநூல் தொங்கவிட்டு அதன் நேர்கீழிடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து புள்ளி வரையில் அளக்க வேண்டும். வேகம் 77 ஆயின் புள்ளி ஏறக்குறைய 31 சென்டிமீட்டரில் விழும். 60 ஆயின் 24 சென்டிமீட்டரில் விழும்.

பத்து முறை விழவிட்டேன். பத்துப் புள்ளிகளும் அரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் நெருங்கி விழுந்தன. அவற்றின் நடு 24 சென்டிமீட்டர். உதவியாளர் கூறியது முற்றும் உண்மை.

ஒரு முறையால் மட்டும் கண்டதை நம்புதல் தகாதாகலின், நிறுத்து கடிகாரத்தைக் கொண்டும் பார்த்தேன். சமதளப் பள்ளத்தில் 120 சென்டிமீட்டர் ஓட இரண்டு விநாடி ஆயிற்று. மனிதர் கண்ணாற் கண்டதற்குக் கையால் விடையளிக்க விநாடியில் ஐந்திலொரு கூறு செல்லும். தொடக்கத்திலும் முடிவிலும் இத்தாமதம் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் எனினும், பத்திலொரு விநாடிப் பிழை நிற்கவே செய்யும். அப்பிழையால் வேகம் 57 என்றும் வரலாம், 63 என்றும் வரலாம். ஆயின் 77 என்று வாராது; அதற்கு ஓட்டம் 1.56 விநாடியில் முடிந்திருத்தல் வேண்டும். ஏறத்தாழ அரை விநாடி வேறுபாட்டை எவ்வளவு மந்தமான கையும் தவறவிடாது. நுட்பமற்ற கருவியும் எவ்வினாவுக்கு விடை கூற வல்லது என்று அறிந்து கேட்டால், உறுதியான விடையையே கூறுகின்றது.

சாய்விலேயே அளக்காமல் சமதளத்தில் ஓடவிட்டு அளப்பது ஏன் என்று சிலர் கேட்கலாம். சாய்வில் வேகம் கணந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் குண்டு சாய்வில் 60 சென்டிமீட்டர் இறங்க இரண்டு விநாடி ஆயிற்று. 60-ஐ 2-ஆல் வகுத்து வேகம் 30 என்று எழுதுவோர் பலர். அது வழியெல்லாம் கலந்த சராசரி. அடியை அடையும் கணத்து வேகம் அதனினும் இருமடங்கு. அக்கணத்து வேகத்தைச் சாய்விலேயே அளக்க முயன்றால், கடைசி 10 சென்டிமீட்டரைக் கடக்கும் காலம் கையின் தாமதத்திலும் குறைவாகிவிடும். சமதளமோ அவ்வேகத்தை மாறாமல் நிறுத்திவைத்து, நாம் ஓய்வாக அளக்க இடந்தருகின்றது. சாய்வில் ஓய்வு நிலையினின்று தொடங்கி ஒரு தூரம் இறங்கிய குண்டு, பின்னர் அதே அளவு காலத்தில் சமதளத்தில் அதன் இருமடங்கு தூரம் செல்லும் என்பது கலிலியோ காட்டிய உண்மை. எங்கள் பலகையில் 60 சென்டிமீட்டர் இரண்டு விநாடியிலும், அடுத்த 120 சென்டிமீட்டர் இரண்டு விநாடியிலும் சென்றதை மாணவர் கைதட்டி எண்ணியே கண்டனர்.

ஆக, 60 என்பது உண்மை. எனின், 77 எங்கே போயிற்று?

‘உராய்வு’ என்பது மாணவர் வழக்கமாகக் கூறும் விடை. யானும் கூறிய விடை. சோதனை ஏடுகளிற் சேராத எண்ணுக்கெல்லாம் பழி சுமக்கும் ஏழை உராய்வே. இங்கே அதற்குப் பங்கு உண்டு. ஆனால் நாம் எண்ணிய வகையில் அன்று. உராய்வே இல்லாவிடில் குண்டு உருளாது. பனிக்கட்டிமேற் சறுக்குவதுபோலச் சறுக்கியிறங்கி, 77 சென்டிமீட்டர் வேகத்தைப் பெற்றேவிடும். பள்ளத்தின் விளிம்பு குண்டைப் பற்றுவதாலேயே அது சுழல்கின்றது. சுழலும் பொருளுக்குச் சுழற்சியாலும் சக்தி உண்டு. மூன்று சென்டிமீட்டர் இறங்கியதாற் பெற்ற சக்தியில் ஒரு பங்கு முன்னோக்கிச் செல்லுதற்கும், ஒரு பங்கு சுழலுதற்கும் பிரிந்துவிடுகின்றது. சக்தி அழிந்ததில்லை, சுழற்சியாய் மாறி நிற்கின்றது.

பிரியும் விகிதத்தையும் கணக்கிடலாம். திண்ணிய குண்டு தட்டையான தளத்தில் உருளுங்கால், சக்தியை ஏழு பங்காக்கினால் ஐந்து பங்கு முன்செலவுக்கும் இரண்டு பங்கு சுழற்சிக்கும் ஆகும். இது பெரிய பாடநூல்களிற் காணப்படுவது. இதன்படி எங்கள் குண்டின் வேகம் 65 ஆகல் வேண்டும். ஆயினும் 65-ம் 60 அன்று. புள்ளிகள் அரை சென்டிமீட்டருக்குள் நெருங்கி விழுகையில், 24-க்கும் 26-க்கும் உள்ள வேறுபாட்டைப் புறக்கணித்தல் இயலாது. இங்கேதான் பள்ளம் பேசுகின்றது.

குண்டின் ஆரம் 1.25 சென்டிமீட்டர். ஆனால் அது தன் அடிப்புள்ளியில் நின்று உருளவில்லை; பள்ளத்தின் இரு விளிம்புகளில் தங்கி உருளுகின்றது. விளிம்புகளுக்கிடையே பாதி அகலம் 0.75. ஆரம் 1.25, ஆகவே நடுப்புள்ளி விளிம்புகளுக்கு மேலே நிற்கும் உயரம் சரியாக 1 சென்டிமீட்டர். மூன்று, நான்கு, ஐந்து என்னும் பழைய செங்கோண முக்கோணமே இது. எனவே குண்டு 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம்போல உருளுகின்றது. தட்டைத் தளத்தில் ஒரு சுற்றுக்கு 7.85 சென்டிமீட்டர் செல்லும் குண்டு, பள்ளத்தில் ஒரு சுற்றுக்கு 6.28 சென்டிமீட்டரே செல்லும். அதே தூரத்துக்கு மிகுதியாகச் சுழல வேண்டியிருப்பதால், சுழற்சியின் பங்கு பெருகுகின்றது. கணக்கிட்டுப் பார்த்தால், பதின்மூன்று பங்கில் எட்டு முன்செலவுக்கும் ஐந்து சுழற்சிக்கும் ஆகின்றன. பதின்மூன்றில் எட்டின் வர்க்கமூலத்தால் 77-ஐப் பெருக்கினால் வருவது 60.

சமதளப் பலகையிலும் அதே அகலமுள்ள பள்ளம் இருத்தல் வேண்டும் என்று பழைய ஆசிரியர் எவரோ அமைத்து வைத்திருந்ததன் காரணமும் எனக்கு அன்றே விளங்கிற்று. பள்ளத்தில் வேகமாகச் சுழன்று வந்த குண்டு திடீரென்று தட்டைத் தளத்தில் ஏறினால், சுழற்சி மிகுந்து நிற்கும். குண்டு சற்று வழுக்கிப் பின்னர் முன்னிலும் விரைந்து ஓடும். அமைத்தவர் இதனை அறிந்திருக்கின்றார். அவருக்குப்பின் வந்தோர் மறந்திருக்கின்றோம்.

விளக்கம் அழகாயிருப்பதால் மட்டும் அது மெய்யாகிவிடாது. உராய்வால் சக்தி வீணாயிற்று என்பவரும் தம் விளக்கத்துக்கு ஏற்ப ஏதேனும் ஓர் எண்ணைக் கூறலாம் அன்றோ? ஆகவே இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை வேண்டும். தச்சரிடம் கூறி, 2 சென்டிமீட்டர் அகலமுள்ள பள்ளத்தோடு மற்றொரு சோடிப் பலகைகள் செய்வித்தேன். இப்பள்ளத்தில் அதே குண்டு 0.75 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம்போல உருளும். பத்தொன்பது பங்கில் ஒன்பதே முன்செலவுக்கு மிஞ்சும். வேகம் 53 ஆதல் வேண்டும். புள்ளி 21 சென்டிமீட்டரில் விழ வேண்டும். குண்டை விடுதற்கு முன்னரே இவ்வெண்ணைக் கரும்பலகையில் எழுதிவைத்தேன். புள்ளிகள் 21-ஐச் சூழ்ந்தே விழுந்தன. பின்னர்ப் பழைய பள்ளத்திலேயே 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய குண்டை விட்டபோது, அதன் எடை எட்டு மடங்காயிருந்தும் வேகம் குறையாமல் 64-ஐ நெருங்கியது. பெரிய குண்டு பள்ளத்துள் ஆழ்ந்து அமராமையால், அதற்குப் பள்ளம் ஏறக்குறையத் தட்டைத் தளமே. உராய்வுக் கதை இம்மூன்று எண்களுள் ஒன்றையும் முன்கூட்டிச் சொல்ல வல்லதன்று.

இவ்விடத்தில், இப்பலகைக்கெல்லாம் முன்னோடியாகிய பலகையைப் பற்றிச் சிறிது கூறாமற் செல்ல மனம் ஒருப்படவில்லை. 1638-இல் லேடன் நகரில் அச்சான தமது ‘இரு புதிய சாஸ்திரங்கள்’ என்னும் நூலிற் கலிலியோ தம் சாய்தளத்தை விவரித்துள்ளார். பன்னிரண்டு முழம் போன்ற நீண்ட மரம். அதில் ஒரு விரலினும் சற்று அகன்ற பள்ளம். பள்ளத்துள் வழுவழுப்பான தோல். நன்கு உருண்ட வெண்கலக் குண்டு. நுட்பமான கடிகாரம் இல்லாத அக்காலத்தில், பெரிய பாத்திரத்தினின்று மெல்லிய குழாய் வழியே ஒழுகும் நீரைக் கிண்ணத்திற் பிடித்து, அந்நீரின் எடையைக் கொண்டு காலத்தை அளந்தார். நூறு முறை செய்து பார்த்ததாகவும், நாடித் துடிப்பின் பத்திலொரு கூறளவும் வேறுபாடு காணவில்லையென்றும் எழுதினார். இருபதாம் நூற்றாண்டிற் புகழ்பெற்ற அறிஞராகிய அலெக்சாந்தர் கோய்ரே, இவ்வளவு முரட்டுக் கருவியால் இத்தகைய நுட்பம் கிட்டுமா என்று ஐயுற்றார். 1961-இல் தாமஸ் செட்டில் என்பவர் அதே முறையில் பலகையும் நீர்க்கடிகாரமும் அமைத்துச் செய்து பார்த்து, கலிலியோ கூறிய நுட்பம் கைகூடுவதே என்று காட்டினார்.

இதனினும் வியப்பானது கலிலியோ அச்சிடாமல் வைத்துப்போன ஓர் ஏடு. பிளாரென்ஸ் நகரத்து மத்திய தேசிய நூலகத்திலுள்ள அவர் கையெழுத்துத் தாள்களுள் 116-ஆம் ஏட்டின் பின்புறத்தில், மேசையினின்று விழும் குண்டின் பாதைகளும் எண்களும் உள்ளன. 1973-இல் ஸ்டில்மன் டிரேக் என்னும் அறிஞர் இதனை வெளிப்படுத்தி, ஏறக்குறைய 1608-ஆம் ஆண்டினது என்று மதித்தார். அமைப்பின் நுணுக்கங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர் முற்றும் ஒன்றுபட்டாரல்லர். ஆயினும் குண்டு மேசையினின்று விழவிடப்பட்டு, அது சென்ற தூரம் அளக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. நாம் கார்பன் தாளால் செய்வதை அவர் அன்றே செய்திருக்கின்றார். மேசையின் உயரம் 828 ‘புள்ளி’ என்று அவரே குறித்துள்ளார். அவர் வழங்கிய புள்ளி என்னும் சிற்றளவு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அவர் மேசையும் எங்கள் மேசையளவே உயரமானது.

300 புள்ளி உயரத்தினின்று இறங்கிய குண்டு 800 புள்ளி தூரத்தில் விழுந்தது. அதனைக் கொண்டு, 600 புள்ளி உயரத்துக்கு 1131 வர வேண்டும் என்று கணக்கிட்டார். வந்ததோ 1172. 800 புள்ளிக்கு 1306 வர வேண்டும்; வந்தது 1328. 1000 புள்ளிக்கு 1460 வர வேண்டும், வந்தது 1500. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வர வேண்டியதையும் வந்ததையும் எழுதி, வேறுபாடு 41 என்றும், 22 என்றும், 40 என்றும் குறித்துவைத்தார். வந்த எண்ணை அவர் அழிக்கவில்லை. நம் ஏடுகளில் இவ்வேறுபாட்டுக்கென ஒரு வரிசை அச்சிட்டிருந்தும், அதிற் சிறிய எண் வரும்வரை மற்ற வரிசைகளை நாம் திருத்திக்கொண்டிருக்கின்றோம்.

அந்த முதல் எண்ணையே நாம் ஆராய்ந்து பார்க்கலாம். 300 புள்ளி இறங்கிய குண்டு சுழலாமற் சறுக்கி வந்திருந்தால், 828 புள்ளி உயரத்தினின்று விழுகையில் 997 புள்ளி சென்றிருக்கும். தட்டைத் தளத்தில் உருண்டிருந்தால் 842 புள்ளி. அவர் கண்டது 800. சுழற்சிக்கும் சக்தியிற் பங்குண்டு என்பதைக் கலிலியோ அறியார். சுழலும் பொருளின் கணிதத்தை ஆயிலர் முறைப்படுத்தி நூலாக்கியது 1765-இல். எனினும் கலிலியோவின் விதிக்குக் கேடு நேரவில்லை. அவர் ஓர் ஓட்டத்தை மற்றோர் ஓட்டத்தோடு ஒப்பிட்டாரேயன்றி, தனி ஓர் எண்ணை நூலோடு ஒப்பிடவில்லை. எல்லா ஓட்டத்திலும் ஒரே விகிதம் பெருகிநிற்பதால், ஒப்பிடுகையில் அது கழிந்துபோகின்றது. தாம் அறியாத ஒன்று தம் எண்களுள் பதிந்திருப்பதை அறியாமலே அவர் அதனைக் காத்துவைத்தார்.

இனி முதற் குழுவினரின் 75-க்கு வருவோம். குண்டின் மெய்யான வேகம் 60 எனின், ஆயிரத்திலொரு விநாடியைக் காட்டும் கருவி 75 என்று எவ்வாறு கூறிற்று? இதனைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கருவியின் கடிகாரத்தில் ஒரு குற்றமும் இல்லை. அது காட்டிய காலம் 0.033 விநாடி, அக்காலம் உண்மையே. குற்றம் தூரத்தில் இருந்தது. மாணவர் வெர்னியர்க் கருவியால் குண்டின் விட்டத்தை அளந்து 2.50 சென்டிமீட்டர் என்று எழுதினர், அதுவும் உண்மையே. ஆனால் ஒளிக்கற்றையை மறைத்தது விட்டம் அன்று. குண்டின் நடு பலகையின் மேல்தளத்தினின்று 1 சென்டிமீட்டர் உயரத்தில் செல்ல, ஒளிக்கற்றையோ அதன் தாங்கி அமைந்தபடி 1.75 சென்டிமீட்டர் உயரத்திற் சென்றது. நடுவினின்று 0.75 சென்டிமீட்டர் விலகிய கற்றையைக் குண்டின் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள நாண் மட்டுமே மறைக்கும். மறுபடியும் அதே மூன்று, நான்கு, ஐந்து. 2 சென்டிமீட்டர் கடக்கும் காலத்தால் 2.5 சென்டிமீட்டரை வகுத்ததால் 60 என்பது 75 ஆயிற்று.

இப்பிழை 90-ஐத் தந்திருந்தால் அன்றே அகப்பட்டிருக்கும். சுழற்சியை மறந்த கணக்கு 77 என்று கூற, நாணை மறந்த கருவி 75 என்று கூற, இரு தவறுகளும் ஒன்றுக்கொன்று சான்றளித்துக்கொண்டன. அச்சான்றின்கீழ் யான் ‘நன்று’ என்று எழுதினேன். நூலோடு நெருங்கிய எண்ணுக்கு மிகுந்த மதிப்பெண் என்னும் வழக்கம் நம் சோதனைச்சாலைகளில் இருக்கும்வரை, மாணவர் புள்ளி விழுந்த இடத்தைப் பாரார். விழ வேண்டிய இடத்தையே பார்ப்பர். பிழை அவர்களுடையதன்று.

ஒளிவாயிலைச் சரிப்படுத்துதல் எளிது. குண்டு அதே இடத்தினின்று மீண்டும் மீண்டும் ஓடிவரும்படி செய்து, வாயிலைச் சிறிது சிறிதாக உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தால், மறைவு காலம் ஓரிடத்தில் மிக நீண்டு, அதற்கு மேலும் கீழும் குறையும். மிக நீண்ட அவ்விடமே குண்டின் நடு; அங்கே தான் விட்டத்தால் வகுத்தல் தகும். கைப்பேசியிற் படமெடுத்து அளப்போர்க்கும் இதையொத்த எச்சரிக்கை உண்டு. விநாடிக்கு 240 படம் எடுத்தால், எங்கள் குண்டு படத்துக்குப் படம் கால் சென்டிமீட்டர் நகரும், எண்ணுதல் எளிது. ஆனால் அளவுகோல் குண்டுக்குப் பின்னே சுவரிற் சாய்ந்திருந்தால், படத்திற் சிறுத்துத் தோன்றும் அக்கோலைக் கொண்டு அளந்த வேகம் உண்மையினும் மிகும். கோல் குண்டு ஓடும் தளத்திலேயே இருத்தல் வேண்டும்.

அடுத்த வகுப்பில் இரு குழுவினரையும் ஒருங்கழைத்து, வாயிலை நகர்த்திக் காட்டினேன். மறைவு காலம் 0.033-இல் தொடங்கி ஏறி, 0.042-இல் நின்றது. முதற் குழுவினர் வகுத்துப் பார்த்தனர். 60-க்குச் சற்றுக் குறைய வந்தது. ஒருவரும் பேசவில்லை. இரண்டாங் குழுவைச் சேர்ந்த மாணவர் தம் ஏட்டைப் புரட்டி, 76 என்று எழுதியிருந்த இடத்தை வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தார். அழித்த 60 தாளில் இன்னும் தெரிந்தது. அதன்மேல் மீண்டும் எழுதலாமா என்று கேட்டார். “மேலே எழுத வேண்டா தம்பி, 76 அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் எழுதித் தேதி இடுக” என்றேன். பின்னர் முதற் குழுவினரின் ஏட்டை வாங்கி, யான் எழுதிய ‘நன்று’ என்பதை ஒரு கோட்டால் அடித்து, அதன்கீழே ‘ஒளிக்கற்றை நடுவினின்று 0.75 சென்டிமீட்டர் மேலே’ என்றெழுதி, அன்றைய தேதியிட்டுக் கையெழுத்திட்டேன்.